ஹாஃப் ஒயிட்

சுத்த வெள்ளைப் பல் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் கிடையாது என்று டாக்டர் ஜெசிந்தா சொன்னாள். செண்பகத்தை ஜன்னலோரம் நிற்க வைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பட்டையில் வரிசையாகச் செருகியிருந்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உருவி, உடைந்த முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எல்லார் பல்லும் ஹாஃப் ஒயிட்தான்க்கா, ஒருத்தருக்குக் கொஞ்சம் மஞ்சள் கூட, ஒருத்தருக்குக் கொஞ்சம் சாம்பல் கூட, அவ்வளவுதான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் செண்பகம் கண்ணை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டாள். இருபது வருஷமாக அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை அது, பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் பல் டாக்டரிடம் வந்தும் விட்டபாடில்லை. சேலையின் நிறம் பல்லில் அடித்தால் கணக்குத் தப்பிவிடும் என்று டாக்டர் ஒரு சாம்பல் துணியை எடுத்து அவள் தோளில் போர்த்த வந்தாள். வந்தவள் சேலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். உங்க சேலையே ஹாஃப் ஒயிட்தானேக்கா, இது வேண்டாம் என்று துணியை மடித்து வைத்தாள். செண்பகமும் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கப் போனால் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது, பத்து நாளில் வந்த பழக்கம், அதற்குள் பிறவிக் குணம் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும், சட்டென்று பார்த்துச் சட்டென்று எடுத்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பல்லைப் பொறுக்கினாள், சீட்டில் ஏ-த்ரீ என்று எழுதினாள். ஏ-த்ரீ. இத்தனை வருஷமாக வாய்க்குள் இருந்ததற்கு இன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. செண்பகம் அந்தப் பட்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஈறு இல்லை, ஆள் இல்லை, கம்பி நுனிகளில் வெறும் பற்கள், எல்லாம் வெள்ளை, ஒன்றும் வெள்ளையில்லை. புருஷன் சொர்ணவேல் பார்த்தால் குளிர்ந்து போவார். அவர் இன்னும் மேலே வரவில்லை. போன் வந்துவிட்டால் அவருக்கு மாடிப்படிதான் ஆபீஸ்.

உடைந்த பல்லை ராவிச் சிறிதாக்கி அதன் மேல் கேப் மாட்டுவதற்காக நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் மூக்குக்குக் கீழே இருந்ததெல்லாம் யாரோ ஒருத்தியுடையதாகிவிட்டது. ராவுகிற மிஷின் கத்தத் தொடங்கியது, எச்சில் உறிஞ்சும் குழாய் வாயோரத்தில் தொங்கிக்கொண்டு கொர்ரென்றது. வலி இல்லை, வலி இல்லாததுதான் பயமாக இருந்தது, அரைத்து அரைத்து ஒன்றை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள், இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடினால் சத்தம் பெரிதாகிறது. திறந்தால் கூரை. கூரையும் ஹாஃப் ஒயிட். இதுவும் அவர் கைங்கரியமாகவே இருக்கலாம், இந்த ஊரில் பாதிக் கூரைக்கு அவர்தான் பொறுப்பு. அப்பா விட்டுப்போன பெயிண்ட் கடையை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இன்டீரியர் என்று பலகை மாட்டி, இந்த ஒரு நிறத்தை வைத்தே ஆளாகிவிட்டவர் சொர்ணவேல். வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரி, மஞ்சள் அடிச்சாச் சாப்பாட்டுக் கடை, ஹாஃப் ஒயிட் அடிச்சாத்தான் அது வீடு என்பார். சின்ன அறை பெரிதாகத் தெரியும், தேக்கை எடுத்துக் காட்டும், கறுப்புக் கல்லையும் எடுத்துக் காட்டும், உச்சி வெயிலிலும் கண் கூசாது, சாயங்காலம் விளக்கைப் போட்டால் வெண்ணெய் பூசினாற்போல் இருக்கும். அந்த ஒன்றுக்கே ஏழெட்டுப் பெயர் வைத்திருந்தார். வாத்தியார் வீடு என்றால் தேங்காய்ப்பால் நிறம், வெளிநாட்டுக் காசில் கட்டுகிறவர்களிடம் பழைய தந்தம், மாமனார் தயவில் கட்டுகிற மாப்பிள்ளையிடம் முத்துச்சிப்பி. டப்பா என்னவோ ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய பாடம் உண்டு, அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். உள்ள நுழையுதவன் கண்ணு எங்கயும் நிக்கப்படாது, நின்னா அங்க ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம், நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும், அதுதான் டிசைன். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். செண்பகம் காபி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள், ஒருத்தர் கண்ணும் அவள் மேல் நிற்காது.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா சொன்னதை இப்போது யார் கேட்டது, ஆனாலும் அதுதான் வந்து நிற்கிறது. பிள்ள வெள்ளையுமில்ல கருப்புமில்ல, எதோட வச்சாலும் ஒத்துப்போவும். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அதைப் பாராட்டு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டாள், ராத்திரி படுத்துக்கொண்டு அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்ட மடச்சி அவள். முகூர்த்தச் சேலை அரக்கு. அதற்குப் பிறகு சேலை எடுக்கிற வேலையை அவர் வாங்கிக்கொண்டார். மகாராஜ நகரில் வீடு கட்டியபோது அதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கென்றே கட்டினார், பத்திரத்தில்தான் அது வீடு, மற்றபடி கண்காட்சி. எந்த நேரமும் செருப்புச் சத்தம் கேட்கும். படுக்கையறை அலமாரியைத் திறந்து காட்டுவார், உள்ளே அவளுடைய சேலைகள் வரிசையாகத் தொங்கும், சந்தனம், மோர், பச்சரிசி மாவு, தண்ணீர் விட்ட பால், அலமாரிக் கதவோடு அத்தனை பொருத்தம் என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். அடுப்படிகூட ஹாஃப் ஒயிட், தினமும் குழம்பு கொதிக்கிற வீட்டில். தாளிக்கும்போது ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் துணி. ஒரு தடவை விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க வந்தவன் அவளை சோபாவில் உட்காரச் சொல்லி எடுத்தான், பிரிண்ட் வந்தபோது சோபாதான் தெரிந்தது. கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, குரலை உயர்த்திப் பேசினதில்லை, அவள் காய்ச்சலில் கிடந்தால் ஓட்டலில் இட்லி வாங்கிவந்து தட்டில் வைத்துக் கொடுப்பார். கெட்டவர் இல்லை, கெட்டவர் இல்லை என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நல்லவர் என்று ஒரு தடவை சொன்னால் முடிந்துபோகும், அது மட்டும் வாயில் வரவில்லை. மிஷின் நின்றது. வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். வெண்மையாக ஏதோ மாவு மாதிரி எச்சிலோடு போயிற்று, அது பல்லா மருந்தா என்று பார்ப்பதற்குள் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் மறுபடியும் சாய்த்தாள்.

பல்லைக் கெடுத்தது பருப்பு என்றுகூடச் சொல்லலாம். போன மாதம் குக்கர் மூடி சரியாகப் பொருந்தாமல் பருப்பு சீறியடித்து, ஜன்னலோரச் சுவர் முழுக்க மஞ்சள். துடைத்தாள், தேய்த்தாள், எலுமிச்சம்பழம்கூடப் பிழிந்து பார்த்தாள், போகவில்லை. சொர்ணவேல் முகத்தைச் சுளித்துவிட்டு, பெயிண்டர் பால்ராஜை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, வேலையாகத் தூத்துக்குடி போய்விட்டார். பால்ராஜ் இரண்டு டப்பா கொண்டுவந்தான், ஒன்று வழக்கமானது, இன்னொன்று ஏதோ பள்ளிக்கூடத்துக்கு அடித்து மிச்சம் வந்தது, வேறு இடத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்தான். தப்பாக அதைத்தான் முதலில் திறந்தான். மயில்கழுத்து நிறம். மூடியைத் திறந்ததும் அடுப்படிக்குள் யாரோ ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அவன் மூடப் போனான், மூடாதீங்க பால்ராஜ், அதையே அடிங்க என்றாள் செண்பகம். அண்ணாச்சிக்குத் தெரியுமாக்கா என்றான். தெரியும் என்றாள். இருபது வருஷத்தில் அவள் சொன்ன முதல் பெரிய பொய், நாக்குக் கூசவில்லை. அவன் போன பிறகு வாசனை போவதற்குள் அந்தச் சுவருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பழைய சோற்றில் மோரை விட்டுப் பிசைந்து தின்றாள். என்ன பசி அது. இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றாள். அவர் திரும்பி வருகிறவரை மூன்று வேளையும் அங்கேதான். என்ன சொல்வது அவரிடம் என்று யோசிக்கவே இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம். பயம் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். பருப்புக் கறைக்கு மேலே ஒரு நிறம் அடித்தாள், அவ்வளவுதானே, சொந்த வீட்டில் சொந்த அடுப்படியில், என்று நினைத்த திமிர், ஆமாம் திமிர்தான், அந்த மூன்று நாள் திமிர் எவ்வளவு நன்றாக இருந்தது.

அவர் தனியாக வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பார், மறுநாள் பால்ராஜ் வந்திருப்பான். தூத்துக்குடியிலிருந்து புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்பிள்ளை கூடத்தைப் பார்த்தாள், படுக்கையறையைப் பார்த்தாள், கொட்டாவியை விழுங்கினாள், அடுப்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். வீட்டுலேயே இந்தச் செவுருதான் நல்லாருக்கு, எங்களுக்கும் இதே மாதிரி போட்டுருங்க என்றாள். சொர்ணவேல் சிரித்தார். சாம்பிளுக்கு அடிச்சுப் பாத்தது என்றார். அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார், வந்து அடுப்படி நிலையில் நின்றார், கையில் ஷேட் கார்டு இருந்தது, கம்பெனிக்காரன் கொடுக்கிற அந்த நிற அட்டைக் கட்டு, விரித்தால் விசிறி, மடக்கினால் செங்கல் கனம். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் விலகியிருப்பாள். அடி விழுந்ததா எறி விழுந்ததா என்றுகூட அவளுக்கு இன்னும் தெளிவில்லை, சத்தம்தான் முதலில் கேட்டது, வாய்க்குள்ளே ஓடு நொறுங்குகிற சத்தம், பிறகு நாக்கில் ஏதோ கூர்மையாகத் தட்டுப்பட்டது, அது தன் பல்தான் என்று புரிய நேரமாயிற்று. அவரே ஓடிப்போய் ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது, கார்டு கை நழுவிட்டு என்றார். சாப்பிடும்போது, நீ எதுக்குக் குறுக்க வந்த என்றார். மறுநாள் முதல் தடவையாக இங்கே வருகிற வழியில், காரை ஓட்டிக்கொண்டே, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிரு என்றார். அவளுக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை, டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். டாக்டர் பாவம், எழுதிக்கொண்டாள்.

வழுக்கிட்டேன். பாத்ரூம்ல வழுக்கிட்டேன். காலையில் சோப்பு கிடந்ததைக் கவனிக்கல, வழுக்கிட்டேன், குழாயில பட்டுட்டு. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தாள், யாராவது கேட்டால் தடுமாறக் கூடாதே. கேட்டால்தானே. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை அந்தச் சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள், மறுநாள் மருமகளுக்கென்று சோற்றைத் தனியாகக் குழைய வடித்துக் கொடுத்தாள், பால்விட்டுப் பிசைந்துகூடக் கொடுத்தாள், கேட்கவில்லை. பால்ராஜ் வந்து மயில்கழுத்தின் மேல் ஹாஃப் ஒயிட்டை அடித்தான், இரண்டு கை அடித்தும் உள்ளேயிருந்து நீலம் எட்டிப் பார்க்கிறது என்று மூன்றாவது கையும் அடித்தான், அவ்வளவு நேரமும் வீங்கின வாயோடு அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள், அவன் சுவரைத்தான் பார்த்தான். அண்ணன் போனில் அவரிடம் விசாரித்துவிட்டு, பாத்து நடக்கணும் பிள்ள என்று அவளுக்குப் புத்தி சொன்னான். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் அபிராமி வீடியோவில் கூப்பிட்டாள், இவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள், அபிராமி இரண்டு நொடி சும்மா இருந்தாள், பிறகு பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். அந்த இரண்டு நொடிதான் செண்பகத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள், சத்தியமாகப் பொய்தான், ஆனாலும் கேட்டிருக்கலாம். இதைவிடப் பெரிய பயம் ஒன்று முந்தாநாள் வந்தது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, ஈரத் தரையில் கால் போன உணர்ச்சி, சோப்பு வாசனை, முட்டியில் சில்லென்ற ஓடு, குழாய் முகத்துக்கு நேரே வருவது, எல்லாம் அப்படியே நினைவுக்கு வந்தது. நடக்காத ஒன்று. நடக்காததற்கு இவ்வளவு துல்லியமா. நடந்ததை நினைக்கப் பார்த்தால் சத்தம் மட்டும்தான் வருகிறது, அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது. பல்லும் ஒட்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது. அடுத்த வருஷம் ஏதாவது கல்யாண வீட்டில், நான் ஒரு நாள் பாத்ரூம்ல விழுந்தேன் பாருங்க என்று அவளே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள், அதை அவளே நம்பிக்கொண்டும் இருப்பாள். சுவர் போனது போகட்டும். அப்படி ஒன்று நடந்தது என்பதாவது மிஞ்ச வேண்டாமா.

மிஷின் ஒரேயடியாக நின்றது. ராவிய பல்லுக்கு அச்சு எடுத்தார்கள், வாய் நிறைய மாவு மாதிரி ஒன்றை அப்பி வைத்துப் பிடுங்கினார்கள். பிறகு டாக்டர் உதடு இரண்டையும் விரித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம் ஒன்றை மாட்டினாள், கேப் செய்கிற லேபுக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமாம், காற்றடித்துப் பற்களை உலர்த்தினாள். அந்தக் கோலத்தில் செண்பகம் கிடக்கும்போதுதான் சொர்ணவேல் உள்ளே வந்தார். நிறம் நான் பாக்கணும்லா, எனக்குச் சொல்லாம ஆரம்பிச்சிட்டீங்களே என்றார். கண் பட்டையில் விழுந்தது. அவள் நினைத்ததுபோலவே குளிர்ந்து போனார், அனுமதி கேட்காமலே எடுத்துக்கொண்டார், விரலால் வருடினார். அடேயப்பா, இதெல்லாம் நம்ம சரக்குல்லா என்றார். அதன் பிறகு டாக்டருக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. இந்த கிளினிக் சுவரில் லேசாகப் பச்சை அடிக்கிறதாம், நோயாளிகள் முகம் வெளிறித் தெரியுமாம், கொஞ்சம் சந்தனம் கலந்தால் வருகிறவர்களுக்கு மனசு அடங்குமாம், வெள்ளைக்கு ஒரு துளி கறுப்பு போட்டால் குளிர்ச்சி, ஒரு துளி சிவப்பு போட்டால் குடும்பம். டாக்டர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். செண்பகம் வாயை விரித்தபடி கிடந்தாள், நாக்கு வறண்டது, ஈறு வறண்டது, பற்களில் காற்று பட்டுப் பட்டு அவை தன்னுடையவை இல்லாத மாதிரி ஆயின. பாடம் முடிந்து அவர் குனிந்தார். ஒவ்வொரு பல்லாக அவள் வாயருகே பிடித்துப் பார்த்தார், மூச்சு முகத்தில் பட்டது, இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு கவனமாக அவர் அவளைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கையைச் சட்டென்று உயர்த்தியபோது அவள் கண்கள் இறுக மூடிக்கொண்டன, தலை தானாக ஒரு பக்கம் போயிற்று. அசையாத என்றார் அவர். கண்ணைத் திறந்தபோது டாக்டர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைச் செண்பகம் பார்த்தாள், டாக்டர் உடனே பார்வையைத் தட்டில் இருந்த சாமான்களுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் பொறுக்கியது ஏ-ஒன், ஏ-த்ரீயைவிட நல்ல வெளுப்பு. சீட்டில் ஏ-த்ரீ என்று ஏற்கெனவே எழுதியிருப்பதை டாக்டர் காட்டினாள். இப்ப பல்லு காஞ்சு கிடக்கு சார், காஞ்சா வெளுத்துத்தான் தெரியும், கொஞ்ச நேரத்துல எச்சில் ஊறிப் பழைய நிறத்துக்கு வந்திரும், அதனாலதான் முதல்லயே பாத்து வச்சேன் என்றாள். சொர்ணவேல் சிரித்தார், கடைக்கு வருகிற விவரமில்லாத வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"டாக்டரம்மா, ஈரத்துல தெரியுதது பொய். காஞ்ச பிறகு என்ன தெரியுதோ அதுதான் நிஜ நிறம். பெயிண்டுல இது அரிச்சுவடி."

"செவுரு காயும் சார். வாய் எப்பவும் ஈரம்தானே."

நிறத்தில் தனக்குச் சொல்லித்தர இனிமேல் ஒருத்தர் பிறந்து வர வேண்டும் என்று அவர் நயமாகவே சொன்னார். இருபத்தைந்து வருஷமாக இதிலேயே கிடக்கிறாராம், இருட்டில் தடவிக்கூடச் சொல்லிவிடுவாராம். ஏ-ஒன்னைக் கடைசியாக ஒரு தடவை அவள் வாயருகே பிடித்துப் பார்த்தார், அச்சு அசலாகப் பொருந்துகிறது, இந்த நிமிஷத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது. இதையே அனுப்பிருங்க, ஒட்டின இடம் ஒருத்தருக்கும் தெரியப்படாது என்றார். சட்டைப்பை அதிர்ந்தது. தூத்துக்குடி பார்ட்டி என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பட்டையை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்குப் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் வளையத்தைக் கழற்றினாள். உதடுகள் மூட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. தண்ணீர் கொடுத்தாள், மரத்த பக்கத்தில் அது வழிந்து ஹாஃப் ஒயிட் சேலையில் விழுந்தது. துடைக்கத் துணி கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினாள். "நான் ஏ-த்ரீயே அனுப்பிருதேன்க்கா. சார்ட்ட சொல்ல வேண்டாம், அவருக்கு வித்தியாசம் தெரியாது. மாட்டின பிறகு எது உங்க பல்லு, எது கேப்புன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." நல்ல பெண். அன்பாகத்தான் சொல்கிறாள், அத்தை சோற்றைக் குழைய வடித்த மாதிரி. யாராலயும். செண்பகம் அந்த வார்த்தையை மரத்த வாய்க்குள்ளேயே வைத்துப் புரட்டினாள். யாராலயும் என்றால் அதில் அவளும்தான் சேர்த்தி. நாக்கு தன் போக்கில் போய் அந்த இடத்தைத் தடவியது, ராவி ராவிச் சிறு குச்சியாக நின்றுகொண்டிருந்தது பல், பக்கத்துப் பற்களில் எச்சில் ஊறத் தொடங்கியிருந்தது. மாடிப்படியில் அவர் சிரிப்பது கேட்டது, அங்கே யாரோ எதற்கோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு கேப் பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும் என்று போன தடவை டாக்டரே சொல்லியிருந்தாள். அத்தனை வருஷம். விசேஷ வீடுகளில், பஸ்ஸில், அபிராமியின் கல்யாணப் போட்டோவில். செண்பகத்துக்குப் பயம்தான், ஆனால் முக்காலியைப் போட்டுக்கொண்டு சோறு தின்றபோது இருந்த அந்தப் பசியும் அதோடு கலந்து இருந்தது.

"அவுக சொன்னதையே அனுப்புங்க" என்றாள். உதடு சரியாக ஒத்துழைக்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஐயோ அக்கா, அது ஒண்ணு மட்டும் தனியாத் தெரியும். நீங்க வாயைத் திறந்தாலே எல்லாருக்கும் கண்ணு அங்கதான் போகும். அது ஏன் அப்படி இருக்குன்னு பாக்குறவங்கல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும் டாக்டர். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

டாக்டர் ஜெசிந்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், ஏதோ கேட்கத்தான் போகிறாள் என்று செண்பகம் காத்திருந்தாள், மறைக்கப் போன கையை மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஏ-த்ரீயை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏ-ஒன் என்று எழுதினாள்.